எண்ணிப் பார்த்த எழுத்தாளர்

(புதியம்புத்தூர் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தையல் எந்திரங்களை நிறுத்திவிட்டு, அரை நாள் கூலியையும் இழந்துவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அந்த அரை நாளுக்கு ஈடாக ஏதேனும் சொல்லியாக வேண்டிய கடன் எனக்கு உண்டு. பத்திரிகைத் தொழிலில் புகுந்து, பின்னர் பத்திரிகைகளையே ஆராயத் தொடங்கிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். அதற்கும் புதியம்புத்தூருக்கும் என்ன தொடர்பு என்று முன் வரிசையில் இருக்கும் அம்மையார் கேட்பது அவர் முகத்திலேயே தெரிகிறது. தொடர்பு இருக்கிறது, சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

இவ்வூருக்கு வடக்கே எட்டயபுரம். அங்கே பிறந்த பாரதியார், தமது 22ஆம் வயதில், 1905ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற 'சக்கரவர்த்தினி' என்னும் மாதர் மாத இதழின் ஆசிரியரானார். கரிசல் மண்ணின் மைந்தர் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தினார் என்று நாம் பெருமை பேசுகிறோம், பேச வேண்டியதுதான். 1925இல் வை. மு. கோதைநாயகி அம்மையார் 'ஜகன்மோகினி'யைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 'ஸ்திரீ தர்மா'வின் ஆசிரியராக இருந்தார். ஆண் எழுத, பெண் படித்த நிலை மாறி, பெண்ணே எழுதிப் பெண்ணே நடத்தும் நிலை அன்றே வந்துவிட்டது. பின் என்ன குறை என்கிறீர்களா? குறை, மாதர் இதழில் இல்லை. தேநீர்க் கடையில் ஆண்கள் நால்வர் கூடிப் பிரித்துப் படிக்கிறார்களே, அந்த நாளேட்டில் இருந்தது குறை!

1970களின் பிற்பகுதியில், பம்பாயில் 'ஈவ்ஸ் வீக்லி' என்ற ஆங்கில மாதர் வார இதழில் ஓர் இளம் பெண் பணிக்குச் சேர்ந்தார். அம்மு ஜோசப் என்பது அவர் பெயர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் இலக்கியம் படித்தவர். பம்பாயிலும் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலும் தொடர்பியல் பயின்றவர். அந்த இதழோ, அழகிப் போட்டி நடத்திப் பெயர் வாங்கிய இதழ்! சேற்றில் செந்தாமரை என்று சொல்லிவிடலாம். ஆனால் அது நியாயமாகாது. அக்காலத்துப் பெண்ணியக் கிளர்ச்சிகள் அவ்விதழின் பக்கங்களிலும் இடம் தேடிக்கொண்டன.

கிளர்ச்சி என்றேன். எது அந்தக் கிளர்ச்சி? மதுரா என்னும் பழங்குடிச் சிறுமி, 1972இல், மராட்டிய நாட்டில், காவல் நிலையத்துக்குள்ளேயே காவலரால் கெடுக்கப்பட்டாள். 1978இல் உச்சநீதிமன்றம் அக்காவலரை விடுவித்தது. தீர்ப்பு வந்த அன்று ஏடுகள் கொதித்தெழவில்லை. 1979இல் சட்டப் பேராசிரியர் நால்வர் நீதிமன்றத்துக்குத் திறந்த மடல் தீட்டினார்கள். 1980இல் மாதர் வீதிக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. மாதர் வீதிக்கு வந்த பிறகுதான், தோழர்களே, ஏடுகளுக்கு அது 'செய்தி' ஆயிற்று!

ஏன் அப்படி? இந்தக் கேள்விதான் அம்மு ஜோசப் அம்மையாரை நிருபர் மேசையிலிருந்து ஆராய்ச்சிக்கு இழுத்துச் சென்றது என்று நான் கருதுகிறேன். கல்பனா சர்மா அம்மையார், நெருக்கடி நிலைக் காலத்தில் 'ஹிம்மத்' இதழில் உழைத்தவர், இவருடன் சேர்ந்தார். இருவரும் பழைய இதழ்க் கட்டுகளைப் புரட்டினார்கள். வரதட்சிணைச் சாவு, பாலியல் வன்முறை, ஷா பானு வழக்கு, பெண் கருவழிப்பு, 1987இல் தியோராலாவில் ரூப் கன்வர் சிதையேறிய கொடுமை ஆகியவற்றை நாட்டின் பெரிய ஏடுகள் எப்படி எழுதின என்று அளந்தார்கள். 1994இல் நூல் வந்தது. 'யாருடைய செய்தி?' என்பது அதன் பெயரின் பொருள்.

கண்டது என்ன? பெண்ணின் துயரம் அரசியலோடோ மதத்தோடோ மோதினால் முதற் பக்கம். வன்கொடுமையாக வெடித்தால் ஒரு வாரம். நாள்தோறும் குடத்தைத் தூக்கி நடப்பதும், கூலி குறைவதும், சோகை பிடித்து வெளிறுவதும் செய்தியே அல்ல. ஏனெனில் அவை 'நடப்பது' இல்லை, நடந்துகொண்டே இருப்பது! எனக்கு ஒரு குறை உண்டு. பெரும் எடை ஆங்கில ஏடுகளுக்கே கொடுத்துவிட்டார்கள். நம் தேநீர்க் கடை ஏட்டை அதே தராசில் முழுதாக நிறுத்திப் பார்க்க வேறு ஒருவர் பிறந்து வரவேண்டும்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஏறத்தாழ இருநூறு பெண் பத்திரிகையாளரைக் கண்டு பேசி, 2000ஆம் ஆண்டில் இன்னொரு நூல் எழுதினார். இரவு வேலை, பதவி உயர்வு, அலுவலகத்துள் சீண்டல் எல்லாம் அதில் இருக்கின்றன. 2002இல் இந்திய ஊடக மகளிர் வலையமைப்பு உருவானபோது, முன்னின்றவர்களுள் ஒருவராக இருந்தார். பல்கலைக்கழகப் பீடம் அவருக்கு அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. எழுதிய நூல்களே அவரை ஆய்வாளராக்கின.

உலகக் கணக்கையும் கேளுங்கள். 1995ஆம் ஆண்டு, ஒரே நாளில், 71 நாடுகளின் செய்திகளை எடுத்து, அவற்றில் பேசப்படுவோரும் பேசுவோரும் யார் என்று எண்ணினார்கள். நூற்றுக்குப் பதினேழு பேரே பெண்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ணி வந்தார்கள். 2020இல் 116 நாடுகள், நூற்றுக்கு இருபத்தைந்து. எட்டுப் பேர் கூடுவதற்கு 25 ஆண்டு! இந்த நடையில் போனால் பாதிக்குப் பாதி வர இன்னும் எழுபது, எண்பது ஆண்டு ஆகும்.

இப்போது புதியம்புத்தூருக்கு வருகிறேன். தீபாவளிக்கு முன் இவ்வூருக்கு நிருபர் வருவார். எத்தனை உருப்படி தைக்கப்படுகிறது, எங்கெங்கே போகிறது, துணி விலை என்ன என்று எழுதுவார். முதலாளியின் படம் வரும். காஜா எடுக்கும் பெண்ணுக்கு, பட்டன் கட்டும் பெண்ணுக்கு, பிசிறு வெட்டும் கிழவிக்கு உருப்படிக்கு என்ன கூலி? மழைக் காலத்தில் வேலை நின்றால் அடுப்பு எப்படி எரிகிறது? கேட்பார் யார்?

மற்ற ஏடுகளைக் குறை கூறிக் கைதட்டல் வாங்குவது எளிது. தோழர்கள் கோபிக்க வேண்டாம். நம் ஏட்டையே எடுத்துக்கொள்வோம். சென்ற வாரம் ஏழு நாள் இதழ்களையும் விரித்துவைத்து நானும் எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன். கூட்டச் செய்திகள் ஏராளம். 'தாய்மார்கள் திரளாக வந்திருந்தனர்' என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்தது. அந்தத் திரளில் ஒருத்தியின் பெயராவது, அவள் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லாவது? மேடையில் பேசிய பெண்ணுக்கும்கூட, 'மற்றும் பலர் பேசினர்' என்பதற்குள்தான் இடம் கிடைத்திருந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டு வெட்கத்தோடு இதழ்களை மடித்து வைத்தேன். அந்தச் செய்திகளில் இரண்டு நான் எழுதியனுப்பியவை.

ஆகவே, இவ்வூரிலிருந்து ஏட்டுக்குச் செய்தி அனுப்பும் தோழருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் நான்கு வீடுகளுக்குப் போங்கள். உருப்படிக்கு என்ன கூலி, ஒரு நாளைக்கு எத்தனை, கண் எப்படி இருக்கிறது, இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் இசைந்தால் பெயரோடு, அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். திருத்தவேண்டாம். ஆசிரியர் குழுவிடம் நான் முன்பே பேசிவிட்டேன். அடுத்த ஞாயிறு அரைப் பக்கம் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முன் வரிசையில் இருக்கும் அம்மையார் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.