நம்மை நம்புமா இயந்திரம்?

2017-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் ஹைதராபாத் நகரில் உலகத் தொழில்முனைவோர் உச்சி மாநாடு தொடங்கிற்று. அம்மேடையில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதியையும், அமெரிக்கக் குழுவின் தலைவி இவாங்கா டிரம்ப்பையும் இயந்திர மனிதன் ஒன்று வரவேற்றது. பெங்களூரில் உருவாக்கப்பட்ட அந்த ரோபோவுக்கு இட்ட பெயர் 'மித்ரா'. நண்பன் என்பது அதன் பொருள். அடுத்த மாதமே இதே நகரில், மக்களின் முறையீடுகளைக் கேட்டுப் பதிவு செய்யவல்லது என்ற அறிவிப்போடு, காவல் பணிக்கான ரோபோ ஒன்றும் அறிமுகம் செய்யப்பட்டது. ஒன்று நண்பனாக வந்தது. மற்றொன்று காவலனாக வந்தது. இவ்விரண்டு உறவுகளுக்கும் அடிப்படை நம்பிக்கை அன்றோ?

இயந்திரத்தை நாம் நம்பலாமா என்று பலரும் கேட்கின்றனர். அதற்கு மறுபுறமான கேள்வி ஒன்றும் உண்டு. மனிதரோடு பேசிப் பழகும் இயந்திரம், நாம் சொல்வது மெய்யா பொய்யா என்பதை எவ்வாறு துணியும்? நம்மில் யாரை நம்பும்? யாரை ஐயுறும்? வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வி மிக நெருங்கியது. அறியாத ஊரில், அறியாதவர் முன் நின்று, நம்முடைய நேர்மையை நாமே மெய்ப்பிக்க வேண்டிய நிலை நமக்குப் புதிதன்று.

ஒருவரை நம்புவதற்கு முன் ஆராய வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே அமைத்தார். எவ்வாறு ஆராய்வது என்பதிலேதான் சிக்கல் தோன்றுகிறது. இயந்திரங்களின் முன் இன்று மூன்று வழிகள் உள்ளன. உடலைப் பார்ப்பது முதலாவது. பதிவேட்டைப் பார்ப்பது இரண்டாவது. நடத்தையைப் பார்ப்பது மூன்றாவது.

முதல் வழியைக் காண்போம். பொய் சொல்பவனுடைய நாடி துடிக்கும், வியர்க்கும், குரல் தடுமாறும் என்பது பழைய நம்பிக்கை. பொய்யறியும் கருவி இந்த நம்பிக்கையின்மேல் எழுந்ததே. ஆனால் அச்சத்தினாலும் நாடி துடிக்கும்; அவமானத்தினாலும் வியர்க்கும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ஊழியர்களைச் சலித்தெடுக்கும் பணிக்கு இக்கருவியை நம்புவதற்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று காட்டிற்று. முகத்தின் அசைவுகளை மட்டும் கொண்டு உள்ளத்து உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல இயலாது என்று, உளவியல் அறிஞர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் அவருடைய துணை ஆசிரியர்களும் 2019-இல் விரிவாக எடுத்துரைத்தனர். நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2010 மே 5-ஆம் நாள், செல்வி என்பவர் கர்நாடக அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒருவருடைய இசைவின்றிப் பொய்யறியும் சோதனை முதலியவற்றுக்கு அவரை உட்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது.

இதில் நமக்கென்று தனிக் கவலை ஒன்று உண்டு. செகந்திராபாத்தில் குடியேறி ஆறு மாதமே ஆன ஒருவர், அலுவலக வாயிலில் நிற்கும் ரோபோவுக்குத் தெலுங்கில் விடை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சொல் உடனே வாயில் வருவதில்லை. மனத்துக்குள் தமிழில் எண்ணி, அதனைத் தெலுங்காக்கி, பிழை நேருமோ என்று தயங்கிச் சொல்கிறார். தயக்கத்தைப் பொய்யின் அடையாளமாகக் கொள்ளும் இயந்திரம் அவரைப் பற்றி என்ன முடிவு செய்யும்? மொழி புதியது என்ற ஒரே காரணத்தால் மெய் சொன்னவர் பொய்யராவார். தங்கு தடையின்றிப் பேசும் வஞ்சகனோ மெய்யனாகி உள்ளே செல்வான்.

இரண்டாவது வழி பதிவேடு. இதன் தன்மையை அறிய நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தெலங்கானா அரசின் 'சமக்ர வேதிகா' என்னும் கணினி அமைப்பு, பல துறைகளின் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்தி, இவர் உதவி பெறத் தக்கவரா என்று காண்பதற்காக ஏற்பட்டது. உருவத்தில் அது ரோபோ அன்று. அதற்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. எனினும் ஒருவர் சொல்வதை ஏற்பதா, பதிவு சொல்வதை ஏற்பதா என்னும் தீர்ப்பு அங்கே நிகழ்கிறது. ரிக்ஷா இழுத்துப் பிழைத்த ஏழை ஒருவரைப் பெயர் ஒற்றுமையால் கார் உடையவர் என்று பதிவுகள் காட்டியதையும், அதனால் அவர் குடும்பத்துக்கு ரேஷன் மறுக்கப்பட்டதையும் 2024-ஆம் ஆண்டில் பத்திரிகைச் செய்திகள் விளக்கின. அதற்கு முன்பே, தெலங்கானாவில் நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் அட்டைகளை நேரில் சென்று சரிபார்க்குமாறு 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பணித்திருந்தது. கணினி எளிதில் தள்ளியதை, மனிதர் வீடு வீடாகச் சென்று பார்க்க வேண்டியதாயிற்று.

இதைக் கேட்கும்போது நம் பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. தமிழர்களில் மிகப் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ஓர் அட்டையில் ஆர். குமார் என்றும், மற்றொன்றில் குமார் ராமசாமி என்றும், வங்கிப் புத்தகத்தில் ராமசாமி குமார் என்றும் ஒருவரே மூவராக நிற்பதுண்டு. நம்மவர் இதைக் கண்டு நகைப்பர். எழுத்துக்கு எழுத்து ஒப்பு நோக்கும் இயந்திரமோ, மூவரில் இருவர் போலி என்று கொண்டுவிடலாம்.

மூன்றாவது வழி நடத்தையைக் கண்டு தேறுவது. இத்துறையில் சுவையான ஆராய்ச்சி ஒன்று நடந்துள்ளது. ஒரு பொருள் எந்த இடத்தில் மறைந்திருக்கிறது என்று ஒருவர் உண்மையாகச் சொல்லி உதவுகிறார். மற்றொருவர் தவறாகச் சொல்லி ஏமாற்றுகிறார். மூன்று வயதுக் குழந்தைகள் இருவரையும் ஒன்றுபோலவே நம்புகின்றனர். ஐந்து வயதுக் குழந்தைகள் ஏமாற்றுபவரை இனங்கண்டுகொள்கின்றனர். இச்சோதனையை அடியொற்றி, சாமுவேல் வினன்சி, ஆஞ்செலோ காஞ்செலோசி முதலிய ஆராய்ச்சியாளர்கள் 'பெப்பர்' என்னும் ரோபோவுக்குப் பயிற்சி அளித்து, அதன் முடிவுகளை 2019-இல் வெளியிட்டனர். ஒவ்வொருவரும் முன்பு சொன்னது பலித்ததா என்பதைத் தனித்தனியே நினைவில் வைத்து, அதற்கேற்ப அவரை நம்புவதும் விலக்குவதும் ரோபோவுக்கு இயன்றது.

மூன்று வழிகளுள் இதுவே மனித இயல்புக்கு அணுக்கமானது. பலசரக்குக் கடைக்காரர் நமக்குக் கடன் தருவதும் இவ்வாறுதான். நம் முகத்தையோ மொழியையோ பார்த்தன்று, சென்ற மாதம் சொன்ன நாளில் பணம் கொடுத்தோமா என்பதைப் பார்த்தே அவர் தருகிறார். ஆயினும் குறை இங்கும் உண்டு. தவறான செய்தி சொன்னவர் எல்லாரும் பொய்யர் அல்லர். அறியாமல் சொன்னவரும் இருப்பர். கடைக்காரர் இவ்வேறுபாட்டை அறிவார். ஒரு மாதம் பணம் தவறினால், வீட்டில் யாருக்கேனும் உடல் நலம் இல்லையோ என்று விசாரிப்பார். அவ்வாறு விசாரிக்கும் பண்பு இயந்திரத்துக்கும் வேண்டும்.

இனி, ஏமாறும் பக்கம் நாமாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் நடந்து, 2016-இல் வெளிவந்த சோதனை ஒன்றில், அவசர காலத்தில் வழிகாட்டும் ரோபோ என்று எழுதப்பட்ட ஓர் இயந்திரத்தின்பின் மக்களை நடக்கச் செய்தனர். புகை சூழ்ந்து அபாய மணி ஒலித்தது. சற்று முன்புதான் அந்த ரோபோ தவறான வழியில் அழைத்துச் சென்றிருந்தது. ஆயினும் தாம் வந்த வாயிலை விட்டு அதன் பின்னேயே சென்றனர் பெரும்பாலோர். இயந்திரத்தின் தீர்ப்பு என்றவுடன் நம் மதி தலைவணங்கிவிடுகிறது. அலுவலர் ஒருவரும் அவ்வாறே தலைவணங்கி, "கணினி இப்படித்தான் சொல்கிறது" என்று கைவிரித்தால், எளியவர் எங்கே முறையிடுவது?

சிலப்பதிகாரத்தில் கோவலன் புகாரிலிருந்து பிழைப்பு நாடி மதுரைக்கு வந்தவன். அவ்வூரில் அவனை அறிந்தவர் அரியர். அரண்மனைப் பொற்கொல்லனோ அரசன் அறிந்தவன். அறிந்தவன் சொல்லை நம்பி, அறியாதவனை விசாரியாமலே அரசன் ஆணையிட்டான். பாண்டியன் கொடியவன் அல்லன், ஆராயாதவன். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தபோது, முத்தா மாணிக்கமா என்று எவரும் கண்ணால் காண முடிந்தது. உண்மை வெளிப்பட்டது, ஆனால் உயிர் மீளவில்லை.

இயந்திரத்தின் தீர்ப்புக்கும் இந்த நீதியையே நாம் வேண்டுகிறோம். உடைத்துப் பார்க்கக்கூடிய சிலம்பு ஒன்று அதற்குள் இருத்தல் வேண்டும். எதைக் கொண்டு ஒருவரை ஐயுற்றது என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் அது சொல்ல வேண்டும். அதனை மறுத்துரைக்க ஒரு வாயிலும், அம்மறுப்பைக் கேட்டு முடிவை மாற்றும் அதிகாரம் பெற்ற மனிதர் ஒருவரும் இருத்தல் வேண்டும். இவை யாவும் தண்டனைக்கு முன் நிகழ வேண்டும். உணவு நின்ற பின் வரும் நீதி காலம் கடந்த நீதியே.

நம்மால் ஆகக்கூடியதும் உண்டு. அட்டைகளில் பெயரை ஒரே வகையாகத் திருத்தி வைத்துக்கொள்வதும், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்பதும், படியாத அயலாருக்காக அக்கேள்வியை நாம் எழுதித் தருவதும் எளிய செயல்களே. வந்தேறிய ஊரில் நம் முன்னோர் நம்பிக்கை பெற்றது, அவர்கள் நடத்தையைப் பார்க்கவும் விளக்கத்தைக் கேட்கவும் அங்கே மனிதர் இருந்தமையால். நாளை அவ்விடத்தில் இயந்திரம் நிற்கலாம். அதன் அருகே, கேட்பதற்கு ஒரு மனிதரும் நிற்க வேண்டும்.