கைப்பிடிச்சுவர்

(தென்னேரியில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இன்று ஒரு தாயின் கேள்வியோடு உங்கள் முன் நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கல்யாணத்திற்குக் காரில் போன ஒரு குடும்பம் விபத்தில் சிக்கியது. முன்சீட்டில் இருந்த தாய்க்குக் கையில் சிறு காயம். மடியிலிருந்த எட்டு மாதக் குழந்தைக்கோ தலையில் பலத்த அடி. வார்டு வாசலில் அந்தத் தாய் கேட்டார்: "ஐயா, நான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுதானே இருந்தேன்? பிள்ளை எப்படி என் கையை விட்டுப் போச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவரோடு அமர்ந்து ஜெபித்தேன். தேவகிருபையால் குழந்தை பிழைத்தது. கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

பிறகு நம் டாக்டர் ஒருவர் விளக்கினார். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதிச் சட்டென்று நின்றால், கட்டப்படாத குழந்தை அதே வேகத்தில் முன்னே பாய்கிறது. 10 கிலோ குழந்தையை அப்போது பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 300 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாய்க்கும் அந்தப் பலம் கிடையாது.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்ற கட்டளை உண்டு. யாரும் விழுமுன்பே சுவர் இருக்கவேண்டும். குழந்தைகளுக்கான கார் இருக்கையும் அப்படிப்பட்ட சுவர்தான். சரியாகப் பொருத்திய இருக்கை கைக்குழந்தைகளின் விபத்து மரணங்களை 71 சதவீதமும், 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளின் மரணங்களை 54 சதவீதமும் குறைக்கிறது என்பது அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு.

கைக்குழந்தையின் இருக்கை பின்சீட்டில், காரின் பின்பக்கம் பார்த்தபடி இருக்கவேண்டும். தலை கனம், கழுத்து மெலிது அல்லவா? ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது. சற்று வளர்ந்த பிள்ளைக்குப் பூஸ்டர் சீட் வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட் கழுத்திலும் வயிற்றிலும் அழுத்தும். சுமார் 145 செ.மீ. உயரம் வரும்வரை அது தேவை.

2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 14 வயது நிறையாத பிள்ளையைப் பாதுகாப்புப் பட்டையின்றிக் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம்.

"எங்களிடம் ஏது ஐயா கார்?" என்பீர்கள். தறி நெய்யும் நம் குடும்பங்களுக்குப் பைக்தான் வாகனம். அதற்கும் 2023 பிப்ரவரி 15 முதல் விதி உண்டு: நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஓட்டுபவரோடு பட்டையால் இணைக்கவேண்டும், 9 மாதம் முதல் ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது.

நானும் குற்றவாளியே. ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் என் மகனை மொபெட்டின் முன்னால் நிற்கவைத்தே கிராமம் கிராமமாகப் போனேன். கர்த்தர் காத்தார். அதையே சாக்காக வைத்து, உங்கள் பிள்ளைகளையும் அப்படியே ஏற்றிப் போங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

ஞானஸ்நானத்திற்கு வெள்ளிக் கொலுசு கொடுக்கிறோம். இனி உறவினர் சேர்ந்து ஓர் இருக்கையோ, பட்டையோ, சிறு ஹெல்மெட்டோ கொடுக்கலாமே. பிள்ளை வளர்ந்தபின், விபத்தில் அடிபடாத இருக்கையை அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுங்கள்.

அந்தத் தாய் மறுபரிசோதனைக்கு வந்தபோது, "அம்மா, உங்கள் கைமேல் தப்பில்லை. யாராலும் பிடித்திருக்க முடியாது" என்றேன். வெகுநேரம் அழுதார். இன்னொரு தாய் அப்படி அழாதிருக்க, நாம் முன்னதாகவே சுவரைக் கட்டுவோம்.

கர்த்தர் உங்கள் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.