அத்தி விழிக்கும் வேளை



மரம் உறங்கும் என்றால், மாலையில் இலை கூம்பும் தூங்குமூஞ்சி மரம் உங்கள் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது மாதக் கணக்கில் நீளும் உறக்கம். மத்தியதரைக் கடல் நாடுகளில் மிகுதியாகப் பயிராகும் சீமை அத்தி, நம் ஆற்றங்கரை அத்திக்கு உறவுடையது. குளிர்காலத்தில் அது இலை முழுவதையும் உதிர்த்து வெறுங்கொம்பாய் நிற்கும். அந்நிலையில், நன்கு முற்றிய மரம் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி சென்டிகிரேடு குளிரையும் பெரும்பாலும் தாங்கிவிடும். வசந்தத்தில் தளிர்த்த பின்னரோ, பூஜ்யத்துக்குக் கீழே ஓரிரு டிகிரி இறங்கினாலே தளிர் கருகிவிடுகிறது. அதே மரந்தானே, ஏன் இவ்வேறுபாடு?

உறங்கும் கொம்பில் நீர் குறைந்தும் சர்க்கரை மிகுந்தும் இருக்கும். இளந்தளிரோ நீர் நிறைந்தது. அதனுள் பனிக்கட்டி உண்டானால், உயிரணுக்களின் நீரை ஈர்த்து அவற்றின் சவ்வைச் சிதைத்துவிடும். மறுநாள் வெயில் ஏறியதும் தளிர் கறுத்துத் தொங்கும்.

பாரிசு நகருக்கு அருகேயுள்ள அர்ஜாந்தேய் என்னும் ஊர் 19ஆம் நூற்றாண்டில் அத்திப்பழத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. அத்தி இருபோகம் காய்ப்பது. முதற்போகம் சென்ற ஆண்டுக் கொம்பில் வரும். இரண்டாவது, புதுத்தளிரில் வரும். அவ்வூரின் குறுகிய கோடையில் இரண்டாம் போகம் பழுப்பது அரிது. ஆகவே கொம்பின் நுனி கருகினால், உழவனின் அவ்வாண்டு வருவாய் போயிற்று. இதனால் அவ்வூரார் குளிர் முற்றுமுன் கிளைகளை வளைத்துப் பள்ளத்தில் கிடத்தி, மண்ணிட்டு மூடினர். மூடுவதற்கு உடல் வலிமை போதும். திறக்கும் நாளைக் கணிப்பதற்கே அனுபவம் வேண்டும். முந்தித் திறந்தால் பின்பனி கொல்லும். மிகவும் பிந்தினால் மொட்டு மண்ணுக்குள்ளேயே கெடும்.

இன்றும் அவ்விடர் தீர்ந்தபாடில்லை. 2021 மார்ச்சு இறுதியில் பிரெஞ்சு நாட்டில் பருவத்துக்கு மீறிய வெப்பம் நிலவியது. செடிகொடிகள் முந்தி விழித்தன. ஏப்ரல் முதல் வாரத்திலே உறைபனி இறங்கித் திராட்சைத் தோட்டங்களையும் பழத்தோட்டங்களையும் பெரிதும் அழித்தது.

வானம் தெளிந்து, காற்றும் அசையாத இரவே அஞ்சத்தக்கது. பகலில் நிலம் வாங்கிய வெப்பம் அன்று தடையின்றி மேலே போய்விடும். அதனை மறிக்கவே மரத்தின்மேல் துணி போர்த்துகிறார்கள். துணி நிலம்வரை தொங்க வேண்டும். சிலர் கிளைகளுக்கு முண்டாசு கட்டியதுபோல் துணியைச் சுற்றி, அடிமரத்தோடு முடிந்துவிடுவர். வெப்பம் தருவது மண் என்பதை மறந்த வேலை அது! உலர்ந்த மண்ணை முன்னதாகவே நனைத்துவைத்தால் அது பகல் வெப்பத்தை மிகுதியாகச் சேமிக்கும். காலையில் போர்வையை எடுத்துவிட வேண்டும்; இல்லையேல் உள்ளே வெப்பம் ஏறி, மரம் இன்னும் விரைந்து தளிர்க்கும். தொட்டிச் செடியாயின் தொல்லை குறைவு. இரவில் உள்ளே தூக்கி வைக்கலாம்.

இவ்வளவுக்குப் பின்னும் தளிர் கருகினால், உடனே அரிவாளை எடுத்தல் கூடாது. நகத்தால் பட்டையைச் சிறிது கீறிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் கொம்பில் உயிர் இருக்கிறது. கொம்பே பட்டுப்போயிருந்தாலும், சில வாரங்களில் வேரடியிலிருந்து புதுத்தளிர் கிளம்புவதுண்டு.