பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கவேண்டிய மதிப்பீடு

மன்னாரில் நடைபெறும் இறைச்சிக்கோழிப் பண்ணை நலக் கருத்தரங்கின் தலைமை உரை



மன்னாரில் விலங்கு நலம் என்று சொன்னால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கழுதை. வாகனம் மோதிக் கால் முறிந்த கழுதையையும், கழுத்தில் கயிறு இறுகிப் புண்பட்ட கழுதையையும் இந்த ஊர் தெருவில் பார்த்தது. பார்த்ததால் மனம் இரங்கியது. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு இங்கே கழுதைகளுக்கென்றே ஒரு வைத்திய நிலையத்தையும் கல்வி நிலையத்தையும் அமைத்தது. அது இந்தத் தீவுக்குப் பெருமை. ஆனால் கண்ணில் படும் விலங்குக்கே நம் இரக்கம் போய்ச் சேருகிறது. புறொய்லர் எனும் இறைச்சிக்கோழி எவர் கண்ணிலும் படுவதில்லை. கூண்டுக்குள் வந்து, கொட்டகைக்குள் ஐந்தாறு கிழமை வாழ்ந்து, கூண்டுக்குள்ளேயே கடைக்குப் போகிறது. எண்ணிக்கையில் மற்ற எல்லாப் பண்ணை விலங்குகளையும் மிஞ்சிய இந்த உயிர் எப்படி வாழ்கிறது என்பதை மதிப்பிடுவதற்கு ஒரு முறை வேண்டும். அந்த முறையைப் பற்றிப் பேசவே கூடியிருக்கிறோம்.

நான் இன்று ஒரே கருத்தைத்தான் வலியுறுத்த விரும்புகிறேன். மன்னாரில் ஒரு பண்ணையின் நலத்தை மதிப்பிடப் போகிறவர், கோழி விற்பனைக்குப் போகும் கடைசி வாரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, கொட்டகைக்குள் போய்க் கோழியையே பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்துத் திரும்புவது மதிப்பீடு ஆகாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

பண்ணை விலங்கு நலத் துறையின் வரலாறு நீண்டதல்ல. 1964இல் ரூத் ஹரிசன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பண்ணை விலங்குகளின் நிலையைப் பற்றி எழுதிய நூல் பிரித்தானியாவை உலுக்கியது. அரசு பிரம்பெல் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1965இல் அறிக்கை தந்தது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்ட ஒரு விலங்குக்கு இடம் வேண்டும் என்றது அந்த அறிக்கை. அதிலிருந்து வளர்ந்தவையே 'ஐந்து சுதந்திரங்கள்': பசி தாகம் இன்மை, வசதிக்கேடு இன்மை, வலியும் நோயும் காயமும் இன்மை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, அச்சமும் துயரமும் இன்மை. 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் இறைச்சிக்கோழிக்கென்றே ஒரு பணிப்புரையை வெளியிட்டது. சதுர மீற்றருக்கு 33 கிலோகிராம் கோழி எடை என்பது அதன் அடிப்படை வரம்பு. கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றுவோருக்கு 39, அதற்கும் மேலாக 42 கிலோகிராம் வரை அனுமதி. 2009இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீட்டு நெறியை வகுத்து, கேள்வியையே மாற்றினார்கள். கொட்டகையில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பதை விட்டு, கோழிக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். காலடியில் புண், கணுக்கால் மூட்டில் கருகிய தோல், நெஞ்சில் அழுக்கு, நடையில் தள்ளாட்டம், மூச்சில் இளைப்பு ஆகியவற்றைப் பார்க்கப் பழக்கினார்கள்.

அந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதைக் கோழியின் உடலே சொல்லும். கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் இனங்களை ஒரே தீனில், ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டனர். 56 நாளில் 1957ஆம் ஆண்டுக் கோழி 905 கிராம். 1978ஆம் ஆண்டுக் கோழி 1,808 கிராம். 2005ஆம் ஆண்டுக் கோழி 4,202 கிராம். தீனும் இடமும் ஒன்றாக இருந்தும் எடை நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த எடையைத் தாங்கும் காலும், அந்த உடலுக்குக் காற்றும் குருதியும் தரும் நுரையீரலும் இதயமும் அதே வேகத்தில் வளரவில்லை.

காலைப் பற்றி அறிய பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் நடையைப் பூச்சியம் முதல் ஐந்து வரை மதிப்பிடும் முறையை வகுத்தார்கள். பூச்சியம் என்றால் குறையற்ற நடை. ஐந்து என்றால் நிற்கவே இயலாத நிலை. 2008இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு 176 கூட்டங்களில் 51,000 கோழிகளைப் பார்த்தது. ஏறத்தாழ நாற்பது நாள் வயதில் 27.6 வீதமான கோழிகளுக்கு நடை மோசமாக இருந்தது, 3.3 வீதமானவற்றால் ஏறக்குறைய நடக்கவே முடியவில்லை. கோழிக்கு வலிக்கிறதா என்று ஐயப்படுவோர் அதே பல்கலைக்கழகத்தின் 2000ஆம் ஆண்டு ஆய்வைப் பார்க்க வேண்டும். வலிநீக்கி கலந்த தீனையும் கலக்காத தீனையும் இரு நிறங்களில் வைத்தபோது, நொண்டிய கோழிகள் மருந்துத் தீனைக் கூடுதலாகத் தேர்ந்து உண்டன. நொண்டல் கூடக் கூட அவை உண்ட மருந்தும் கூடியது. இதற்கு மேலும் சான்று தேவையில்லை.

இந்த அளவுகோல்களை மன்னாருக்குக் கொண்டுவரும்போது என்ன ஆகிறது என்று இனிப் பார்ப்போம்.

நம் பண்ணையாளர்கள் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி. இரண்டேகால் கிலோ எடையில் விற்கும் கோழிக்கு அது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 24 கிலோகிராம். ஐரோப்பாவின் 33ஐ விட எவ்வளவோ குறைவு. தாளில் பார்த்தால் நம் கொட்டகைகள் ஐரோப்பாவை விட நல்லவை. ஆனால் அதே பணிப்புரையில் இன்னொரு விதி இருக்கிறது. நிழலில் வெளி வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது, கொட்டகைக்குள் வெப்பம் அதை விட மூன்று பாகைக்கு மேல் கூடக் கூடாது. இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் அது சில நாட்களுக்கான விதி. இங்கே மார்ச் முதல் செப்ரெம்பர் வரை நண்பகல் வெப்பம் 30ஐத் தாண்டுவதே வழமை. வெளியே 34 என்றால் உள்ளே 37 இருந்தாலும் அந்த விதிப்படி பண்ணை தேறிவிடும். ஆனால் வளர்ந்த புறொய்லர் கோழிக்கு இதமான வெப்பம் இருபது பாகையை ஒட்டியது. அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை. அதற்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்து, பெரும்பாலும் மூச்சின் ஈரத்தால்தான் தன்னைக் குளிர்விக்கும். இளைக்க இளைக்கக் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, குருதியின் காரத்தன்மை ஏறுகிறது. சிறகை விரித்துப் படுத்த கோழி எழுந்து தண்ணீருக்குப் போகாத நிலையில், பண்ணையாளர் மறுநாள் காலை இறந்த கோழிகளைப் பொறுக்குகிறார். ஒரு விதியை நிறைவேற்றிய பண்ணையும் துன்புறும் கோழியும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும். அதனால்தான் நம் அளவுகோலை நம் வெப்பத்தில் நாமே செய்ய வேண்டும் என்கிறேன்.

இந்த நிலத்தின் காற்றை அறியாமல் அது முடியாது. மே மாதம் தொடங்கித் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும்போது திறந்த பக்கச் சுவர் கொண்ட கொட்டகைக்கு அதுவே விசிறி. தலைமன்னார்ப் பக்கம் கடற்கரையோரம் தம்பபவனி மின்நிலையத்தின் முப்பது காற்றாலைகள் சுற்றுவது இந்தக் காற்றை நம்பியே. ஆனால் சோளகம் எழுவதற்கு முன் மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கி நிற்கும் நாட்களே கோழிக்கு மிகக் கொடியவை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு வந்தது. காற்று நின்ற அதே காலத்தில் விசிறியும் நின்றது என்பதை இங்குள்ள பண்ணையாளர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆகவே மதிப்பீட்டுத் தாளில் இந்தக் கேள்விகள் இருக்க வேண்டும்: கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கிறதா? கூரை வெறும் தகரமா, தகரத்தின் மேல் கிடுகோ பனையோலையோ போட்டிருக்கிறதா? மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு?

அடுத்தது தண்ணீர். மன்னார்த் தீவின் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாகக் கிடக்கிறது. வறட்சியில் கிணறுகள் உவர்க்கும். உவர்நீர் குடித்த கோழி மேலும் மேலும் குடிக்கும், எச்சம் இளகும், தரையிலுள்ள உமி நனையும், நனைந்த உமியில் அமோனியா எழும், அந்த ஈரத்தில் நிற்கும் பாதத்தில் புண் வரும். வெயிலில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து வரும் சுடுநீரையோ கோழி குடிக்கவே தயங்கும். தண்ணீரின் உப்பையும் சூட்டையும் அளக்காத எந்த மதிப்பீடும் இந்தத் தீவில் அரைகுறையானது. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வாடை மழை சாரலாக உள்ளே அடிக்கும்போதும் இதே சங்கிலி தொடங்கும். அப்போது தறப்பாளை முழுக்க இறக்கிவிட்டால் உள்ளே அமோனியா அடைபடும். ஐரோப்பிய வரம்பு மில்லியனுக்கு இருபது பங்கு. கருவி இல்லாதவர் கோழியின் உயரத்துக்குக் குனிந்து நின்று பார்க்கலாம். நம் கண் கரித்தால் அதன் கண்ணும் கரிக்கிறது.

இவ்வளவையும் பண்ணையாளரின் தலையில் கட்டிவிட்டு நாம் எழுந்து போக முடியாது. கோயம்புத்தூர், பல்லடம் வட்டாரத்தில் பரவிய ஒப்பந்த முறையை இந்த அவை அறியும். நிறுவனம் குஞ்சும் தீனும் மருந்தும் தருகிறது. விவசாயி கொட்டகையும் உழைப்பும் தந்து வளர்ப்புக் கூலி பெறுகிறார். எந்த இனம், எத்தனை குஞ்சு, எந்த நாளில் பிடிப்பு என்பதை முடிவு செய்பவர் ஒருவர். நொண்டிய கோழிக்குக் கேள்வி கேட்கப்படுபவர் இன்னொருவர். இலங்கையில் பெரும் பண்ணைகள் வடமேல், மேல் மாகாணங்களில் குவிந்திருக்கின்றன. வடக்கில் இந்தத் தொழில் இன்னும் பெருக இடமிருக்கிறது. அது பெருகும் முன்பே நலத்தின் பொறுப்பை முடிவெடுப்பவரோடு சேர்த்துப் பகிரும் ஒப்பந்தங்களை எழுத நமக்கு வாய்ப்பிருக்கிறது. வெயில் மாதங்களில் குஞ்சைக் குறைத்துப் போடும் விவசாயிக்கு அதனால் வரும் நட்டம் முழுவதும் அவரோடு நிற்கக் கூடாது.

மதிப்பீடு பண்ணை வாசலோடு முடியவும் கூடாது. ஒரு காலில் பிடித்துத் தூக்குவது, கூண்டில் நெருக்கி ஏற்றுவது, வெயிலில் வண்டியை நிறுத்திவைப்பது, கடை வாசலில் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது எல்லாமே அந்த உயிரின் கடைசி மணிநேரங்கள். கத்தி கூராக இருக்க வேண்டும், ஒரு விலங்கு பார்க்க மற்றொன்றை அறுக்கக் கூடாது என்று இஸ்லாமிய அறுப்பு நெறி நெடுங்காலமாகவே வலியுறுத்துகிறது. கத்தோலிக்கரும் சைவரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் மன்னாரில், உயிருக்கு வீண் துன்பம் தரக் கூடாது என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நம் நாட்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம்; புறொய்லர் இனம் என்ற ஒன்று உருவாவதற்கு முன்பே எழுதப்பட்டது. சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்து தந்த விலங்கு நலச் சட்டமூலம் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. இந்தியச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தன் 269ஆம் அறிக்கையில் முட்டைக்கோழிக்கும் இறைச்சிக்கோழிக்கும் வரைவு விதிகளை முன்வைத்தது. அதைப் போன்ற ஒரு முயற்சி இங்கும் வேண்டும். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தராசும் வெப்பமானியும் பழகிய கண்ணும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.

ஆகவே இந்த அமர்வுகளின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, பண்ணையாளரே நிரப்பக்கூடிய ஒரு பக்கத் தமிழ் மதிப்பீட்டுத் தாளை நாம் கலைவதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். கொட்டகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்து, இளைக்கும் கோழி, நொண்டும் கோழி, எழாத கோழி ஆகியவற்றை எண்ண வேண்டும்; சில கோழிகளைத் தூக்கிப் பாதத்தைப் பார்க்க வேண்டும்; அன்றன்று இறந்தவற்றையும் கழித்தவற்றையும் குறிக்க வேண்டும். இரண்டாவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பேராதனையின் கால்நடை மருத்துவ பீடமும் தம் மாணவர்களைக் காற்று நிற்கும் ஏப்ரலிலும் மழை பெய்யும் நவம்பரிலும் இங்கே அனுப்பி, அந்தத் தாளைக் களத்தில் சோதிக்க வேண்டும். மூன்றாவது, கால்நடை வைத்திய அலுவலகங்கள் அந்தத் தாளைத் தண்டனைக்கான கருவியாக அன்றி ஆலோசனைக்கான கருவியாகக் கையாள வேண்டும். அச்சம் வந்தால் எண் பொய்யாகும். எண் பொய்யானால் கோழிக்கு எந்தப் பயனும் இல்லை.

பண்ணையாளர்களுக்கு ஒரு சொல். உங்கள் கொட்டகையில் இளைத்துக் கிடக்கும் கோழி தீனைத் தின்னாது, எடை போடாது. அதன் துன்பமும் உங்கள் நட்டமும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. உங்கள் அனுபவத்தை இந்த அவையில் தயங்காமல் சொல்லுங்கள். கட்டுரை வாசிக்கும் எங்களை விட அந்தக் கோழிகளை நாளும் பார்ப்பவர்கள் நீங்கள். ஆய்வாளர்களுக்கும் ஒரு சொல். இந்த மாவட்டத்தில் அடுத்த முறை ஒரு பண்ணைக்குப் போகும்போது பிற்பகல் இரண்டு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் கோழி எப்படி இருக்கிறதோ, அதுவே அந்தப் பண்ணையின் மதிப்பெண்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.