இறுக்கினால் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சாதனைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சாதனை என்று சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்லலாமா என்று கேட்டேன். "அதுதான் பசங்களுக்குப் பயன்படும், சொல்லுங்க" என்றார். சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்தேன். சோதனைக்காகப் பத்து வண்டிகளைச் சாலையில் விட்டிருந்தோம். 1 கிலோவாட் மோட்டார், 12 மில்லிமீட்டர் ஷாஃப்ட், அதில் ஒரு பல்சக்கரம், அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் செயின். பல்சக்கரத்துக்கு ஒரு கீ. அதன் மேல் ஒரு கிரப் ஸ்க்ரூ. வரைபடம் போட்டவன் நான்.

இரண்டாவது மாதமே புகார் வந்தது. கிரப் ஸ்க்ரூ தளர்ந்து, பல்சக்கரம் ஷாஃப்ட்டில் நகர்ந்து, செயின் கழன்றுவிடுகிறது. மோட்டார் மட்டும் ஓடும், வண்டி நகராது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "சரியா டைட் பண்ணலையா?" என்று கேட்டேன். "நல்லாத்தானுங்க சார் டைட் பண்ணினேன்" என்றார். நான் நம்பவில்லை. "பணியாளரின் கவனக்குறைவு" என்று அறிக்கை எழுதினேன். மூன்றாவது அறிக்கையோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தும் பேச்சு வந்தது.

அந்த வாரம் ஒரு பெண்மணி, பின்னால் பள்ளிச் சீருடையில் மகளோடு, சிக்னல் விழுந்ததும் புறப்பட்டு நாற்சந்தியின் நடுவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் தப்பித்தார்கள்.

மறுநாள் அந்த மெக்கானிக் கழற்றிய ஷாஃப்ட்டை என் மேஜையில் வைத்தார். "நீங்களே பாருங்க சார். உள்ளே செவப்பாப் பொடி இருக்குதுங்க. தண்ணியே போகாத எடத்துல துரு எப்படிங்க வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று மிக நுண்ணிய அளவில் உரசிக்கொண்டே இருந்தால் வரும் பொடி அது. புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணெதிரே இருந்தபோது தெரியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 1,000 வாட், நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் முறுக்குவிசை சுமார் 3.2 நியூட்டன் மீட்டர். ஷாஃப்ட்டின் ஆரம் 6 மில்லிமீட்டர்தான். ஆகவே அதன் பரப்பில் விழும் விசை சுமார் 530 நியூட்டன், அதாவது 54 கிலோ எடைக்குச் சமம். புறப்படும்போது மோட்டார் இதைப்போல் மூன்று மடங்கு இழுத்தால் 160 கிலோ! மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையோடு உதைக்கும். மோட்டாரே பிரேக்காக மாறும்போது விசை எதிர்த்திசையில் வரும். முன்னும் பின்னும் சுத்தியல் அடிதான்.

இதைத் தாங்கவேண்டியது கீயின் பக்கங்களும், துளையின் இறுக்கமான பொருத்தமும். நானோ, மாட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று துளையை 12.05 என்று போட்டிருந்தேன். நூறில் ஐந்து மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். ஸ்க்ரூவை இறுக்க இறுக்கப் பல்சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஆடும். அது விநாடிக்கு 50 தடவை. பக்கவாட்டில் வழுக்கல் இருந்தால், நன்றாக இறுக்கிய திருகாணிகூடத் தானே கழலும் என்று ஜெர்மானியப் பொறியாளர் ஜெர்ஹார்டு யுங்கர் 1969-இலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். மெக்கானிக் எவ்வளவு இறுக்கினாலும் அது கழன்றுதான் இருக்கும்.

பிறகு செய்தது இதுதான். துளையைக் கைப்பிரஸ்ஸில் அழுத்தினால்தான் ஏறும் அளவுக்குக் குறைத்தோம். கீ பக்கங்களில் பிடித்து நிற்கும். தலையில் மட்டும் சிறு இடைவெளி. பல்சக்கரம் ஷாஃப்ட்டின் படியில் போய் உட்கார்ந்ததும், முனையில் கனமான வாஷரும் போல்ட்டும். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, போல்ட்டின் மரையில் பூட்டும் பசை. கடைசியாக, போல்ட்டிலிருந்து பல்சக்கரம் வரை ஒரு பெயிண்ட் கோடு. நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

பசை மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். காற்றில்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகும் அந்தப் பசையை 1953-இல் கண்டுபிடித்தவர் வெர்னான் கிரீபிள் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர். அருமையான பொருள். ஆனால் தவறான பொருத்தத்தை மறைக்க அதைப் பூசாதீர்கள்.

பத்து வண்டிகளும் அந்தக் குறையோடு மறுபடி வரவில்லை. அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது நான்காவது அறிக்கை. "முதல் மூன்றும் தவறு. பிழை வரைபடத்தில்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மெக்கானிக்கின் வேலை நிலைத்தது. நேரில் மன்னிப்புக் கேட்டபோது, "அதெல்லாம் விடுங்க சார், டீ சாப்பிடலாம் வாங்க" என்றார்.

முதலாண்டு ஃபிட்டிங் வகுப்பில் நம் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன், ராவிய துண்டை ஜன்னலுக்கு நேரே பிடித்து, "வெளிச்சம் தெரியுது பாரு, திரும்ப ராவு" என்பார். அவர்மேல் கோபப்படாதவர் நம்மில் யார்? பதினைந்து ஆண்டு கழித்து அந்த வெளிச்சம் எனக்குத் தெரிந்தது.

மாணவ நண்பர்களே, ஏதாவது கழன்றால் முதலில் உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். அப்புறம் இறுக்கியவரைக் கேளுங்கள். குற்றம் சாட்ட அல்ல, அவர் என்ன பார்த்தார் என்று தெரிந்துகொள்ள.