கேளாத மன்னன்

'ஆன்டிகனி' என்னும் கிரேக்கத் துன்பியல் நாடகத்தைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். ஏதென்ஸ் நகரத்து நாடகப் புலவர் சோபகிளிஸ் இதனைக் கி.மு. 441-ஐ ஒட்டி இயற்றினார் என்பர் அறிஞர்.

தீப்ஸ் நகரின் அரியணைக்காகப் போரிட்ட உடன்பிறந்தார் இருவர், ஒருவர் கையால் ஒருவர் மாய்கின்றனர். அவர்களுடைய தாய்மாமன் கிரியோன் அரசேற்கின்றான். நகரைக் காத்தவனை முறைப்படி அடக்கம் செய்வித்து, படையெடுத்து வந்தவன் உடலை நாய்க்கும் பறவைக்கும் இரையாக விடுகின்றான். அதனைப் புதைப்பவர்க்கு மரணமே தண்டனை என ஆணையிடுகின்றான். அவர்களுடன் பிறந்த ஆன்டிகனி, ஆணையை மீறி அவ்வுடலின்மீது மண் தூவுகின்றாள். உயிருடன் குகையில் அடைக்கப்படுகின்றாள்.

நல்லவளுக்கும் கொடியவனுக்கும் நிகழ்ந்த போராட்டமாகவே இதனைப் பலரும் படிக்கின்றனர். ஆயினும் கிரியோன் கொடுங்கோலனாகத் தொடங்கவில்லை. போர் ஓய்ந்த மறுநாள் அரசேற்றவன், உறவினும் நகரே பெரிது என்கின்றான். அக்கொள்கையை யார் பழிப்பர்? அவனை வீழ்த்தியது, அதன்பின் எவர் சொல்லுக்கும் செவிசாய்க்காத அவனது செருக்கே.

நாடகத்தின் நடுவே அவன் மகன் ஹேமன் வருகின்றான். மாமன் மகனாகிய அவனுக்கே ஆன்டிகனியை மணம் பேசியிருந்தனர். எனினும் தன் காதலை அவன் வழக்காக எடுத்துரைக்கவில்லை. ஊரார் அவளுக்காக இரங்குவதையும், மன்னன் முகத்துக்கு அஞ்சி அதனை வெளியிடாமல் இருப்பதையும் பணிவோடு உணர்த்துகின்றான். வெள்ளத்துக்கு வளைந்து பிழைக்கும் மரத்தை உவமை காட்டுகின்றான். தந்தையோ, இந்த வயதில் இச்சிறுவனிடம் பாடம் கேட்பதா எனச் சினக்கின்றான்.

பின்னர்க் கண்ணற்ற நிமித்திகர் தைரீசியஸ் எச்சரித்த பிறகே அவன் மனம் மாறுகின்றது. முதலில் பெண்ணை விடுவித்து, பிறகு பிணத்தைப் புதைக்குமாறு முதியோர் அறிவுறுத்துகின்றனர். கிரியோனோ இறந்தவனுக்குரிய கடனை முடித்த பிறகே குகைக்குச் செல்கின்றான். அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டு மாண்டாள். ஹேமன் தந்தையின் கண்ணெதிரே தன் வாளில் வீழ்கின்றான். செய்தி கேட்ட அரசியும் உயிர் துறக்கின்றாள். கிரியோன் மட்டும் உயிர் வாழ்கின்றான். அதுவே அவனுக்குற்ற தண்டனை.

இந்நாடகம் ஏட்டில் உறங்கிவிடவில்லை. ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸ் நகரில் 1944-இல், ஜான் அனூயி புதிதாக எழுதிய 'ஆன்டிகனி' மேடையேறியது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இக்கதையை நடித்தபோது, கிரியோன் வேடம் பூண்டவர் நெல்சன் மண்டேலா. அவனது பிடிவாதம் தலைவனுக்குத் தகாது என்றும், நீதியோடு கருணையும் கலத்தல் வேண்டும் என்றும் அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார்.

அன்பர்களே, நாம் அரசர்கள் அல்லோம். எனினும் இறுதிச் சொல் நம்முடையதாக இருக்கும் இடம் நம் ஒவ்வொருவர்க்கும் ஒன்று உண்டு. பலருக்கு அது இல்லமே. அங்கே மகனோ மகளோ பணிவோடு வந்து மாற்றுக் கருத்துக் கூறும்போது, வயதை நோக்காது சொல்லை நோக்குவோமாக. பிழையைத் திருத்த முற்படும்போது, உயிரோடிருப்பவர்க்குச் செய்யவேண்டியதை முதலிற் செய்வோமாக.