சக்கரம் கட்டிய பள்ளிக்கூடம்

அடிமைக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், வேளாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற்று 1896-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி கல்வி நிலையத்துக்கு ஆசிரியராக வந்தார். சுற்றுவட்டாரமெல்லாம் பருத்தி. வருஷம் தவறாமல் அதையே போட்டு மண் சத்திழந்து கிடந்தது. தட்டைப்பயறும் நிலக்கடலையும் போடச் சொன்னார் கார்வர். அவற்றின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். சொன்னதோடு விடாமல், சோதனை நிலத்தில் தாமே பயிரிட்டும் காட்டினார்.

ஆனால் வாரத்துக்கு உழுகிறவருக்கு வகுப்புக்கு வர ஏது நேரம்? 1906-இல் ஒரு வண்டி கட்டினார்கள். கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் ஏற்றி, கோவேறு கழுதை பூட்டி, பாடம் வயலுக்கே போனது. எழுத்தறியாதவரும் கண்ணால் பார்த்துக் கற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: வண்டியோடு ஊர் ஊராகப் போய்க் கற்பித்த தாமஸ் கேம்பெல், அதே டஸ்கீகியில் படித்தவர்.